கடல் தாண்டி வந்த மிக்சியும் கூட வராத சத்தமும்

ரேடியோ ரிப்பேர் கடைக்கு யாரும் நல்ல செய்தி சொல்ல வருவதில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தேனி கடைவீதியில் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். பெயர்தான் ரேடியோ கடை. சிங்கப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்து படுத்துக்கொண்ட எல்லாமே என் மேஜைக்கு வந்தன. உங்கள் வீட்டு பீரோ மேலேயும் அப்படி ஒன்று துணி போர்த்திக்கொண்டு இருக்கும் என்பதால் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

விலையைக் கூட்டி எழுதிய மகன்

பழனிசெட்டிபட்டி வாத்தியார் ஒருவர் புது டேப் ரெக்கார்டரோடு வந்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் பார்சலில் அனுப்பியது. அதன் வயர் முனையில் இருந்த பின் நம் ஊர் பிளக் பாயிண்டில் நுழையாது, மாற்ற வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் வாத்தியார் முகம் சரியில்லை.

கேட்டதும் சொன்னார். சுங்க வரி கட்டிவிட்டுப் பார்சலை எடுத்துக்கொள்ளும்படி போஸ்ட் ஆபீசிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. வரி, பொருளின் விலையைப் பொறுத்தது. அந்த விலையைத்தான் மகன் பார்சல் மேல், கடையில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்காக எழுதியிருந்தான். பார்சலைப் பார்க்கிற போஸ்ட்மேன் அசந்துபோய் ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஆசை. வரியைக் கட்டி, பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த பில்லைப் பார்த்த பிறகுதான் வாத்தியாருக்கு விஷயம் புரிந்தது. பின்னை மாற்றிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்:

"பொருளுக்கு வரி பாதிதான் தம்பி. மீதிப் பாதி எம் மகன் பவுசுக்குக் கட்டுனது."

மிக்சிக்குத் துணை

போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர், மச்சினரிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து மிக்சி வரவழைத்தார். சொந்தக்காரர்களை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் பார்க்க அவரே சுவிட்சைப் போட்டார். சட்னி மூடியைத் தள்ளிக்கொண்டு சுவரில் அடித்தது. அது நூற்றுப்பத்து வோல்ட் மிக்சி. நம் கரண்ட் இருநூற்று முப்பது. வீட்டு பியூஸ் முந்திக்கொண்டதால் மோட்டார் பிழைத்தது.

கரண்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றேன். மதுரையிலிருந்து வந்தது. மிக்சியை ஒரு கையில் தூக்கலாம். டிரான்ஸ்பார்மரை இறக்கி வைக்க எனக்கு இரண்டு கை போதவில்லை. அடுப்படி மேடையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருக்கும்போதும் வண்டு மாதிரி முனகியது. வியாபாரியின் வீட்டம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்:

"அம்மிக்கு நாம இப்படித் தொணைக்கு ஆள் வச்சதில்லையேங்க?"

படம் இங்கன, சத்தம் அங்கன

கொடைக்கானல் மலையில் டிவி கோபுரம் வந்த புதிதில், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் ஹாங்காங் கலர் டிவி வாங்கினார். தெருவில் முதல் கலர். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் வரவில்லை. அந்த நாட்டுச் செட்டுக்கு நம் ஒளிபரப்பின் சத்தம் பிடிபடாது. அதற்கான பார்ட்டுக்கு மெட்ராசுக்கு எழுதிப் போட்டேன்.

அது வருவதற்குள் தோட்டக்காரரே வழி கண்டுபிடித்துவிட்டார். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்குப்பிள்ளை குடும்பம், உள்ளூரில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டியோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் போட்டால் அவர்கள் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். இவர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கலரில் பார்ப்பார்கள். ஒரு மாதம் இப்படியே ஓடியது. நான் பார்ட்டோடு போன அன்று, கணக்குப்பிள்ளை பையும் குடையுமாக வாசலில் நின்று தோட்டக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நாங்க ஆண்டிபட்டி வரைக்கும் போறோம். ரெண்டு நாளைக்கு ஒங்களுக்குச் சத்தம் வராது, கோவிச்சுக்காதீக."

நிதானமான குரல்

கடமலைக்குண்டிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தார். கணவருக்குக் குவைத்தில் கட்டட வேலை. எழுத வராது என்பதால் கேசட்டில் பேசி அனுப்புவார். அதைக் கேட்க டேப் ரெக்கார்டரும் அவர் அனுப்பியதுதான். நம் ஊர் வெயிலில், கேசட்டைச் சுற்றவைக்கும் அதன் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. கையில் புதுக் கேசட் ஒன்று இருந்தது. இந்த வருஷம் ஊருக்கு வருகிறாரா, இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்பது அதற்குள் இருந்தது. "அடுத்தவுக வீட்டுல போட்டுக் கேக்க மனசு வரலண்ணே" என்றார்.

அந்த அளவு பெல்ட் மதுரையிலும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் வந்து நின்றபோது, பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டினேன். ஓடியது, ஆனால் மெதுவாக. அந்த மனிதரின் குரல் கனத்து, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்து வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணைத் தனியே கேட்க விட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்திரைக்கு வாறாக" என்றார். மெட்ராசுக்கு எழுதி நல்ல பெல்ட் வரவழைத்து வேகத்தைச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"வேணாம்ணே, இப்படியே இருக்கட்டும். ஊர்ல இருக்கையில அவுக எங்கிட்ட இம்புட்டு நிதானமாப் பேசுனதே இல்ல."

இத்தனை வருஷம் அயல்நாட்டுச் சாமான்களைப் பிரித்துப் பார்த்ததில், யாருக்கும் மேற்கொண்டு செலவு வைக்காமல் கடைசிவரை உழைத்தவை அவை வந்த அட்டைப்பெட்டிகள் மட்டும்தான்.