சிவக்காத முட்டைகள்

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் குனிந்த அக்காவின் முதுகுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கவுஞ்சி கிராமத்துக்காரர். உறவு ஒன்றும் இல்லை. கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை தன் வயல் மண்ணை மஞ்சப்பையில் கட்டி எடுத்து வருவார், அவ்வளவுதான் பழக்கம். அவர் நிலத்தில் நூற்புழு விழுந்திருந்தது. உருளைக்கிழங்கின் வேரை உறிஞ்சியே கொல்லும் புழு. கடுகளவு கூட்டுக்குள் அதன் முட்டைகள் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் ஆறு வருடமாகக் கிழங்கு போடாமல் பூண்டும் கேரட்டுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் செத்துருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, போட்டுர்றேன்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வருவார்.

அதைச் சொல்ல எங்களிடம் ஒரு சாயம் இருந்தது. உயிருள்ள முட்டை அதை உள்ளே விடாது. செத்த முட்டையின் தோல் விட்டுக்கொடுத்துவிடும். சாயம் புகுந்து மரபணுவில் ஒட்டிக்கொண்டு, பச்சை ஒளி பட்டதும் சிவப்பாக ஒளிரும். சிவப்பாகத் தெரிவது செத்தது. இருட்டாகவே இருப்பதுதான் உயிரோடிருப்பது. இதில் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன். "நாங்க எண்ணுறது அந்தச் சிவப்பத்தாங்கக்கா" என்று சொல்லி, ஆசைக்கு ஒருமுறை பாருங்கள் என்று உட்காரவைத்தேன். அதற்குள் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

நான் பேசி முடிப்பதற்குள் அக்கா பையோடு வெளியே வந்தார். "ஒரு பொட்டு செவப்புகூட இல்லம்மா. ஒரே இருட்டாக் கெடக்கு. நான் வாரேன், பஸ்ஸு போயிரும்." முகமெல்லாம் சிரிப்பு. போனைக் காதில் வைத்தபடியே கையசைத்தேன். பாவி, கையசைத்தேன். பிறகு சாதாரண வெளிச்சத்துக்கு மாற்றிப் பார்த்தால், கூடு நிறைய உயிருள்ள முட்டைகள். அவருடைய எண் என்னிடம் இருந்தது. விதைக்க இன்னும் நாள் இருக்கிறதே, அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். அவர் மறுநாளே விதைக்கிழங்கு ஊன்றிவிட்டார்.

பூக்கும் பருவத்தில் செடிகள் மஞ்சளித்துப் படுத்துவிட்டன. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வயலுக்குப் போனேன். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வேர் முழுக்கப் பொன்னிறக் கூடுகள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நீங்க ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? எம் மண்ணு சுத்தமாத்தான் இருந்துச்சு, எங் கண்ணால பாத்தேன். மேலக்காட்டுத் தண்ணியத் தொறந்துவிட்டு எந் தம்பிதான் கெடுத்துட்டான்." மேல்தட்டு வயல் அவருடைய கூடப்பிறந்த தம்பியுடையது. அதுவரை ஒரே உலையில் பொங்கித் தின்றவர்கள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். வேலைக்காக அல்ல, அந்த முகத்துக்குப் பயந்தேன். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், கண்ணை வைப்பதற்கு முன்பே முழுவதையும் இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன். என்ன பிரயோஜனம்? போன மாதம் அந்தத் தம்பி இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். நாலு வீடு தள்ளி அக்காவின் வீடு, கதவு சாத்தியிருந்தது. எடுக்கிற நேரத்தில் உறவுக்காரர்கள் போய்த் தட்டினார்கள். உள்ளேயிருந்து, "எம் மண்ணக் கெடுத்தவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன்" என்று குரல் மட்டும் வந்தது. தட்டியவர்களுக்குப் பின்னால்தான் நானும் நின்றுகொண்டிருந்தேன்.