அம்மா பேருல நான் ஒடச்ச முட்டை

எங்கம்மாவுக்கு இருக்கறது ஒரே போட்டோ. அது எங்கூட்டுல இல்ல, பண்ணையில முட்டை அடுக்கற ரூம்புல மாட்டியிருக்குது. வருசம் முச்சூடும் ஒரு நாள்கூட லீவு போடாத ஆளுன்னு, பொங்கல் நோம்பிக்கு கிரைண்டர் குடுத்து சால்வை போத்தி எடுத்தது. அம்மா செத்த அன்னிக்கு அதையே எறக்கி, மாலை போட்டுக் குடுத்தனுப்பிச்சாங்க. கருமாதி முடிஞ்சதும் கேட்டு வாங்கி, மறுபடியும் அதே ஆணியில மாட்டிட்டாங்க. மத்தவங்க பாத்து ஒழுங்கா வேலைக்கு வரோணுமாமா.

எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை. முட்டையத் தரம் பாத்து அட்டையில அடுக்கறது எங்கம்மா வேலை. இப்ப அதே எடத்துல நான் உக்காந்திருக்கறேன். வேலை முடிஞ்சதும் பொழுதோட ஒடசல் முட்டைய எண்ணி, அவங்கவங்க பேருக்கு நேரா சூப்பர்வைசரு எழுதிக்குவாரு. எங்கம்மா பேருல ஒண்ணு ரெண்டு இருந்தாலே அதிசயம்.

எங்க பக்கம் மாத்தாள் விடறது புதுசில்ல. அக்கா வரலைன்னா தங்கச்சி வந்து நிப்பா, மாமியாளுக்கு மருமவ வந்து நிப்பா. வேலை நடந்தாச் செரி, நோட்டுல பேரு மாறாது. போன கார்த்திகையில அம்மாவுக்கு வயித்து வலி நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன்.

"பண்ணை இன்சூரன்ஸு இருக்குதில்லம்மா, காசு அவங்க கட்டிக்குவாங்க."

"அதுக்கு எழுதிக் குடுக்கோணும். எழுதிக் குடுத்தா லீவு விழுந்துரும். பொங்கலுக்கு இன்னும் ரெண்டே மாசந்தான் சாமி, பல்லக் கடிச்சுக்கறேன். நீ போயி என் எடத்துல உக்காரு."

நானும் போனேன். ரெண்டு மாசம். அம்மா ஊட்டுல சுருண்டு கெடந்துச்சு. பொங்கலன்னிக்கு மட்டும் சீலை கட்டி, என் தோளப் புடிச்சு நடந்து வந்து, போட்டோவுக்குச் சிரிச்சுச்சு. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில, "இவ்வளவு நாள் என்ன பண்ணுனீங்க"ன்னு டாக்டரு என்னத்தான் கேட்டாரு. நான் முட்டை அடுக்கிட்டிருந்தேன்னா சொல்ல முடியும்? பங்குனியில அம்மா போயிருச்சு.

இந்த ஆடியில மொதலாளி மருமக என்னை ஆபீசுக்குக் கூப்புட்டாங்க. கோயமுத்தூருல படிச்சவங்க. நாங்க சின்னம்மான்னு சொல்லுவோம். பரிசு, போட்டோவெல்லாம் அவங்க வந்துதான் கொண்டாந்தது. நான் எட்டாவது வரைக்குந்தான் படிச்சது, ஆனா நோட்டு படிப்பேன், எல்லா ஆளையும் தெரியும்.

"நீ படி கண்ணு, நான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். ஆளுங்களுக்குச் செய்யறதுக்கெல்லாம் திரும்ப என்ன வருதுன்னு மாமா கேக்கறாரு."

பேரு பேராப் படிச்சேன். எங்கம்மா பேரு வந்தப்பவும் படிச்சேன். முடிச்சதும் அவங்க மூஞ்சியில ஒரு சந்தோசம்.

"கிரைண்டரு நல்லாவே வேலை செஞ்சிருக்குது. லீவு பாதியாக் கொறஞ்சிருச்சு. வெளியாளு கூட்டியார்ற செலவு மிச்சம். இன்சூரன்ஸுதான் தண்டம். வருசா வருசம் கட்டறோம், ஒருத்தருகூடத் தொடல. நிறுத்திட்டு, பரிச ரெண்டாக்கிரலாம்."

நான் நோட்ட மூடப் போனேன்.

"ஆனா உங்கம்மா கணக்கு ஒதைக்குது பாரு. கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசம் மட்டும் இத்தன ஒடசல். கை நடுங்குச்சா அவங்களுக்கு?"

"ஆமாங்க"ன்னுட்டேன். வாய்ல அதுதான் வந்துச்சு.

வெளிய வந்து என் எடத்துல உக்காந்தேன். பக்கத்துல, எங்கம்மாகூடவே அத்தன வருசம் உக்காந்திருந்த அக்கா. நாலு அட்டை தூக்கறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்குது. இதுக்கு முந்தி மூணு நாளு அது மகதான் மாத்தாளா வந்தா.

"ஆஸ்பத்திரி போனியாக்கா?"

"பொங்கல் கழியட்டும். இந்த வருசம் கிரைண்டரு எனக்குத்தான். உங்கம்மா ஆட்டுனது போதும்."

சிரிச்சுது. அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள இருமல் வந்துருச்சு.

அம்மா அந்தக் கிரைண்டருல ஒரு நாள்கூட ஆட்டல. இன்னும் பொட்டியிலதான் கெடக்குது.

திரும்பி ஆபீசுக்குப் போனேன். சொன்னா அம்மா ஏமாத்துக்காரின்னு ஆயிரும். மாத்தாள் விட்ட எல்லாரையும் நான் காட்டிக் குடுத்த மாதிரியும் ஆயிரும்.

"சின்னம்மா, அந்த ஒடசலு எங்கம்மாது இல்லீங்க. நான் ஒடச்சது."

எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க கம்ப்யூட்டர மூடல, என்னையும் பாக்கல.

"ஏங் கண்ணு, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா லீவுங்களே சின்னம்மா. லீவு போட்டா பரிசு இல்லீங்களே. அதனாலதானுங்க இன்சூரன்ஸ ஒருத்தரும் தொடறதில்ல. ஒடம்பு கெட்டியா இருக்கறதால இல்லீங்க."

அவங்க கம்ப்யூட்டர மூடுனாங்க. மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

மறுவாரம் சொல்லிட்டாங்க. கிரைண்டரு இனி கெடையாது. இன்சூரன்ஸு இருக்கும். ஆஸ்பத்திரி போற நாள் லீவுல சேராது. மாத்தாள் வந்தா வந்தவங்க பேரத்தான் எழுதோணும். அம்மா போட்டோவ எறக்கி எங்கையில குடுத்தாங்க. செவுத்துல வெள்ளையாக் கட்டம் மட்டும் நின்னுச்சு.

அக்கா என்னை விட்டு வெச்சுதா?

"உங்கம்மா வாங்கி ஊட்டுல வெச்சுக்கிட்டா. என் முறை வர்றப்ப மண்ணப் போட்டுட்டயேடி. இத அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா உங்கம்மாவாவது இருந்திருப்பா."

அது கோவத்துலதான் சொல்லுச்சு. ஆனா அதுதான் நெசம். எனக்கு ராத்திரியெல்லாம் ஓடறதும் அதுதான். கிரைண்டரத் தூக்கிட்டுப் போயிக் குடுத்தேன். "செத்தவ பொருளு எனக்கு வேண்டாம்"னு கதவச் சாத்திருச்சு.

நேத்து அக்காவ நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறாங்க. நெஞ்சுல தண்ணி கோத்திருக்குதாமா. பொழைக்குமா என்னான்னு தெரியல. அது எடத்துக்கு ஆளில்ல, இன்னிக்கு ரெண்டு பேரு வேலையும் நானே பாத்தேன். பொழுதோட சூப்பர்வைசரு நோட்ட எடுத்துட்டு வந்தாரு.

"ஒடசலு பதினொண்ணு. அவ எடத்துல எத்தன, உன் எடத்துல எத்தன?"

"எல்லாமே எம்பேருல எழுதுங்கண்ணா"ன்னேன்.