சட்டைக்கு மேலேயே பார்த்த தோள்: எம்.பி.டி. தேர்வுக்கு மட்டாஞ்சேரி போய்வந்தது

ஜூலை மாதம், நல்ல மழையில், தனியாகக் கொச்சிக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் எம்.பி.டி. சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வு. கேரளாவில் எம்.பி.டி. சேர என்னென்ன வேண்டும், ஒரு பெண் தனியாகப் போய்வர முடியுமா என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சந்தோஷமான பதிவு இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பி.பி.டி. என்பது பிசியோதெரபியில் இளநிலைப் பட்டம். நான் படித்த திட்டத்தில் நான்கு வருடம் வகுப்பு, ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அதற்கு மேல் எம்.பி.டி. இரண்டு வருடம். எலும்பு மூட்டு, நரம்பு, இதயம் நுரையீரல், விளையாட்டு என்று ஏதாவது ஒரு பிரிவை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் விண்ணப்பித்தது எலும்பு மூட்டுக்கு.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு உடுமலை பக்கம் தென்னை நார் மில்லில் வேலை. என்னைச் சேர்க்கப் போன அன்று முதல்வர் அப்பாவிடம் சொன்னார்: "கவலைப்படாதீங்க, இங்க பொம்பளைப் புள்ளைங்க பொம்பளை பேஷன்ட்டைத்தான் பார்ப்பாங்க." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார். எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியில் லேடீஸ் சைடு, ஜென்ட்ஸ் சைடு என்று நடுவில் பிளைவுட் தடுப்பு இருக்கும். ஆண் நோயாளியை வகுப்பில் காட்டும்போது பையன்கள் முன்னால் நிற்பார்கள், நாங்கள் பின்னால். எனக்கு அது வசதியாகவே இருந்தது. முன்னால் போய் நிற்கிற ஆள் இல்லை நான்.

இன்டர்ன்ஷிப் முடிந்ததும் அதே லேடீஸ் சைடில் வேலை தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மேலே படிக்க ஆசை. "ஒரு தடவை எழுதிப் பாரு சாமி. கிடைச்சாப் படி. இல்லீன்னா அந்த வேலை இருக்குதல்ல" என்றார் அப்பா. ஒரு தடவை என்றால் ஒரே தடவை. அவர் இரண்டாவது முறை சொல்கிறவர் இல்லை.

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ், சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து பாலக்காட்டுக்கு இன்னொரு பஸ், நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பாலக்காடு ஜங்ஷனில் ரயில் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் எர்ணாகுளம். முன்பதிவில்லாத டிக்கெட் எழுபது ரூபாய் சுற்றி. மகளிர் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். முதல் நாள் இரவு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினேன், இரவுச் சாப்பாட்டோடு ஐநூறு ரூபாய். பிராட்வே கடைத்தெரு நடக்கிற தூரம்தான். குடை மறந்தவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம், நான் வாங்கினேன்.

மறுநாள் தேர்வு பத்து மணிக்கு. மட்டாஞ்சேரிக்குப் பஸ் உண்டு. ஆனால் காலை நெரிசலில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார் விடுதி அக்கா. அதனால் படகு. எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து, மட்டாஞ்சேரியை ஒட்டிய போர்ட் கொச்சிக்கு ஆறு ரூபாய், இருபது நிமிடம். தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகக் கிரேன்கள் மழையில் பாதி அழிந்து தெரிந்தன. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தோள் மூட்டுக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும், ஊர் பார்க்க வந்தவள் என்று நினைத்து ஆட்டோக்காரர் கேட்டார்: "பேலஸோ, ஜூதப்பள்ளியோ?"

"ஆஸ்பத்திரிங்க."

"ஆருக்கு சுகமில்ல?"

"யாருக்கும் இல்லீங்க. பரீட்சை. பிசியோதெரபி."

"ஓ, கை கால் பிடிச்சு விடுறது! அதுக்கும் பரீட்சையோ?" சிரித்துவிட்டு, "எங்க அம்மைக்கு முட்டு வேதனை. ஜெயிச்சு வரணும், கேட்டோ" என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி பஜார் தெருவை ஒட்டி இருந்தது. மாடிக்குப் போனால் மிளகும் சுக்கும் கலந்த வாசனை அங்கேயும் வந்தது. முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள், இருபது நிமிடம். அவரிடம் பேசி, பரிசோதித்து, தாளில் எழுதி, இரண்டு ஆசிரியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வு ஆன்லைனில் முன்பே முடிந்து, அதில் எனக்கு நல்ல மதிப்பெண். இதில் தப்பித்தால் இடம் உறுதி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

என் முறை மூன்றாவது. முதல் இரண்டு பேரும் உள்ளே இருந்தபோது திரைக்கு வெளியே எனக்குக் குரல் கேட்டது. இரண்டு பேருமே பெண்கள். இரண்டு பேரும் வணக்கம் சொன்ன கையோடு, "சேட்டா, ஷர்ட்டு ஊரிக்கோ" என்றார்கள். சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. கொஞ்சமும் தயங்காமல் இப்படியா என்றுகூட நினைத்தேன்.

உள்ளே பச்சைத் திரைக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், சுமைத் தொழிலாளர்களின் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பெயர் சம்சு. நான் தமிழில் ஆரம்பித்ததும் முகம் மலர்ந்தார்.

"தமிழ் அறியும் மோளே. நாமக்கல் லாரிக்காரன்மாருகிட்ட படிச்சது. முதல்ல படிச்சது மொத்தம் கெட்ட வார்த்தை."

இருபது வருடமாக அரிசி மூட்டை தூக்குகிறவர். வலது தோளில் வலி, கை தலைக்கு மேல் முழுதாக ஏறவில்லை. நான் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். பிறகு பரிசோதனை. அவர் முதல் பட்டனில் கை வைத்து, "ஷர்ட்டு ஊரணோ?" என்றார்.

"இல்லீங்ணா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். நான் சட்டைக்கு மேலேயே கோணம் அளந்தேன், சட்டைக்கு மேலேயே அழுத்திப் பார்த்தேன். தாளில் ஒரு வரி இருந்தது: ஸ்கேபுலா, அதாவது தோள்பட்டை எலும்பின் நிலையும் அசைவும். அதற்கு எதிரே 'இயல்பு' என்று எழுதினேன்.

ஆசிரியர்களில் மூத்தவர் ஒரு மேடம். "நான் கோயம்புத்தூர்ல படிச்சதுதான், தமிழிலேயே சொல்லு" என்றார். தோள் தசைநாரில் வீக்கம் என்று காரணம் சொன்னேன். என்ன சிகிச்சை, என்ன பயிற்சி என்று தடங்கலில்லாமல் சொன்னேன். பக்கத்திலிருந்த சார், எப்போது மறுபடி மூட்டை தூக்க அனுப்புவாய் என்று கேட்டார். இரண்டு வாரத்தில் என்றேன்.

"ஸ்கேபுலா?" என்றார் மேடம்.

"நார்மல் மேடம்."

"பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையெழுத்து அழகா இருக்கு. சரி, போகலாம்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அப்பாவுக்குப் போன் செய்தேன். "நல்லாப் பண்ணியிருக்கேன்ப்பா, கிடைச்சுரும்." அந்தப் பக்கம் மில் இரைச்சல். "அப்படியா சாமி, அப்படியா" என்று இரண்டு முறை சொன்னார்.

மழை விட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு பஜாரில் நடந்தேன். நீளமான பழைய கிடங்குகள், வாசலில் சாக்குகள், தெருவை அடைத்து நிற்கும் லாரிகள். ஒரு அரிசிக் கிடங்கின் முன்னால் கைவண்டி ஒன்று தண்ணீர் தேங்கிய குழியில் மாட்டியிருந்தது. சட்டை இல்லாத ஒருவர் பின்னாலிருந்து தள்ளினார். இரண்டு உள்ளங்கையையும் பலகையில் ஊன்றி, கைகளை நேராக நீட்டி.

இடது தோள்பட்டை முதுகோடு ஒட்டி இருந்தது. வலது பக்கம் எலும்பு முதுகை விட்டுத் தனியாகக் கிளம்பி நின்றது. அதன் ஓரத்துக்கு அடியில் விரலை நுழைக்கலாம் போல இருந்தது. எலும்பைப் பிடித்து வைத்திருக்கிற தசைக்குப் போகும் நரம்பு அடிபட்டால் அப்படி ஆகும். தோளில் பாரம் சுமக்கிறவர்களுக்கு வரக்கூடியது. இரண்டாம் வருடம் படத்தோடு படித்திருக்கிறேன். நோயாளியைச் சுவரைத் தள்ளச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தால் போதும். அவ்வளவுதான் அந்தச் சோதனை.

எலும்பைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது. அவர் திரும்பிய பிறகுதான் ஆள் சம்சு என்று தெரிந்தது.

"எந்தா டாக்டரே! பாஸ் ஆயோ?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணா, முன்னாடி வந்தவங்க எல்லாரும் சட்டையைக் கழட்டச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும். முதல் வேலை அது தன்னெ. உனக்குப் பின்னாடி வந்த பையனும் சொன்னான். நீ மாத்திரம் வேண்டான்னு சொன்னது. நான் நெனச்சு, தமிழ்நாட்டு டாக்டருக்குத் துணிக்கு மேலேயே காணும்னு."

"எக்ஸ்ரே கண்ணாக்கும்!" என்றான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரிக்க முயன்றேன், வரவில்லை.

"இன்னும் மூட்டை தூக்கறீங்களாண்ணா?"

"இல்ல மோளே. நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. தூக்கினா கை இப்படியே நின்னு போகும்னு அந்த மேடம் சொன்னது. இப்ப தள்ளுறது, எண்ணுறது, அவ்வளவுதான்."

"நான் ரெண்டு வாரத்துல தூக்கலாம்னு சொல்லிட்டேங்ணா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "படச்சோனே" என்று மெல்ல ஆண்டவனைக் கூப்பிட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரீட்சையில தானே சொன்னது, சாரமில்ல, போகட்டும். சாயா குடிச்சிட்டுப் போ" என்றார். எனக்காக அவர் சமாளிக்கிறார் என்று தெரிந்ததும் அங்கே நிற்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டு வரை திரும்பிப் போனேன். மேலே போய் மேடத்திடம், பார்க்கவில்லை, பொய் சொன்னேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். மாடியில் பேச்சுக்குரல் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எர்ணாகுளம் பஸ் ஏறிவிட்டேன். டிக்கெட் இருபது ரூபாய்க்குள். தோப்பும்படி தாண்டும்வரை மழைக்காக ஜன்னல் ஷட்டரை இறக்கியிருந்தார்கள், வெளியே எதுவும் தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு வராத அதே தைரியம்தான். ஆனால் வெட்கப்பட்டதைவிட, பார்க்காததை 'இயல்பு' என்று எழுதியது எப்படி எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் ரயில் முழுக்க உறுத்தியது. இன்டர்ன்ஷிப்பில் பெண்களையும் புடவைக்கு மேலேயே பார்த்திருக்கிறேன். அந்தத் தாள்களிலும் 'இயல்பு' இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில தகவல். பி.பி.டி. எல்லா வருட மதிப்பெண் பட்டியல், பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ், இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழ், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ், எல்லாம் அசலும் இரண்டு நகலும். பல இடங்களில் ஐம்பது சதவீத மதிப்பெண் கேட்கிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்தக் கல்லூரியின் பிராஸ்பெக்டஸைப் பாருங்கள், என் பதிவை நம்பாதீர்கள். வெளி மாநிலப் பட்டம் என்றால், இடம் கிடைத்த பிறகு பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். தனியாகப் போவதில் எனக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை. வெள்ளைக் கோட்டு, கோணமானி, அளவு நாடா சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு மலையாள வார்த்தை படித்துக்கொண்டு போங்கள்: உயர்த்து, தாழ்த்து, தள்ளு. "ஷர்ட்டு ஊரிக்கோ"வை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. காத்திருப்போர் வரிசையிலும் என் பெயர் இல்லை.

அப்பா மில்லிலிருந்து வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நல்லாப் பண்ணுனேன்னு சொன்னியே சாமி" என்றார்.

"இல்லப்பா. பார்க்காம எழுதிட்டேன்."

என்னவென்று அவர் கேட்கவில்லை. "சரி, அந்த வேலைக்கு எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

"திங்கக்கிழமை." பிறகு, "அப்பா, அந்தச் செவுத்தைக் கொஞ்சம் தள்ளுங்க" என்றேன்.

"செவுத்தையா? எதுக்கு?"

"தள்ளுங்கப்பா. ரெண்டு கையும் நேரா."

ஈரக் கையோடு சுவரில் ஊன்றித் தள்ளினார். இருபத்திமூன்று வருடமாகத் தினமும் கண்ணில் படுகிற முதுகு. பின்னால் போய் நின்றேன். வலது, இடது, மறுபடி வலது. நார்த் தூசி வியர்வையில் கோடாக ஒட்டியிருந்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்ப்பா, பார்த்துக்கிறேன்" என்றேன்.