வளராத கறிவேப்பிலை

மலாயாவில் லாபிஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிருஷ்ணம்மாதான் பேறு பார்ப்பவள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக நான் இருந்தும், வலி கண்டால், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சனம் அவளைத்தான் கூப்பிடும். அவளுக்குக் கைராசி என்று பேர். ராசி என்றால் சுத்தமான கை, பதறாத மனசு, அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் சனத்துக்கு ருசிக்காது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் மருந்துக் குழம்பில் கிருஷ்ணம்மா வீட்டுக் கறிவேப்பிலை ஒரு கொத்தாவது விழ வேண்டும். அந்தச் செடி தழைத்தால் அவள் கையும் தழைக்கும் என்று ஒரு நம்பிக்கை.

1931இல் பழைய லயத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கிருஷ்ணம்மா பழைய செடியின் பக்கக் கன்றைப் பெயர்த்து, மண்ணெண்ணெய் டின்னில் நட்டு, புது வீட்டு வாசலில் அஞ்சடி என்கிற நடைத் தாழ்வாரத்தில் வைத்தாள். கன்று சாகவில்லை, வளரவும் இல்லை. துளிர் விடும், நுனி கருகும், உதிரும். புளித்த மோர் ஊற்றினாள். முட்டை ஓடு நொறுக்கிப் போட்டாள். வெயில் படும் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவள் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும் நேரத்தில் அடுத்த வீட்டுச் செல்லம் தண்ணீர் ஊற்றுவாள். செல்லம் அவளோடு ஒரே கப்பலில் வந்தவள். முழங்கால் வலியால் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

குழாயடியில் பேச்சு கிளம்பியது.

"கிருஷ்ணம்மா கன்னு இன்னும் சாண் உசரம்தானாம்லா."

"செடிக்கே அந்தக் கை ஆகல. புள்ளைக்கு ஆகுமா?"

கூலிகளை மேய்க்கும் மண்டோரின் பெண்சாதி ராசம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். "ஆயாம்மா, எங்க மருமக தனலெட்சுமிக்கு இந்த மாசம். நீங்களே வந்துருங்க. கிருஷ்ணம்மாவுக்குத் தெரிய வேணாம்."

எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. நேரே கிருஷ்ணம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"செடியப் பாத்தா என் கைய எட போடறாங்க?" என்றாள்.

"ஆமா, அதத்தான் பாக்குறாங்க. கொண்டா டின்ன."

நோயாளியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். டின்னின் அடியில் ஆணியால் போட்ட துளைகள் அடைபடவில்லை. ஆகவே தண்ணீர் தேங்கவில்லை. மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மோரு காஞ்சிருக்கும்" என்றாள்.

தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. டின்னைக் கவிழ்த்தேன். வேர் நுனியெல்லாம் பழுப்பேறிக் கருகியிருந்தது. மோர் நாற்றத்துக்கு அடியில் கருவாட்டு நாற்றம். மண்ணில் ஒரு மீன் செதில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மா புருஷன் செத்ததிலிருந்து மீன் தொடுவதில்லை.

அவள் அந்தச் செதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "செல்லம்!" என்று கூப்பிட்டாள்.

செல்லம் வந்தாள். கவிழ்ந்த டின்னைப் பார்த்ததும், "கருவாடு கழுவுன தண்ணி. ஒரம்னு நெனச்சுத்தான் ஊத்துனேன்" என்றாள்.

"ஒன் வீட்டு மொளகாச் செடி என்னமா காய்க்குது. அதுக்கு ஏன் இந்த ஒரம் போடல?" என்று கேட்டேன்.

செல்லம் வெடித்தாள். "எம் மக புள்ள இவ கையிலதானே செத்துப் பொறந்துச்சு! ஊரெல்லாம் ராசி ராசின்னு இவளக் கொண்டாடுது. எங்க வீட்டுக்கு மட்டும் எங்க போச்சு அந்த ராசி?"

"அன்னிக்கு என்னயக் கட்டிக்கிட்டு அழுதியே. ஒன் மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொன்னியே" என்றாள் கிருஷ்ணம்மா.

"சொன்னேன். ஊரே ஒன் பக்கம். வேற என்னத்தச் சொல்ல?"

"என்னய அறைஞ்சிருக்கலாமே புள்ள. தெனம் எங்கிட்டயே வந்து, கன்னு ஏன் வளரலன்னு கூடவே கவலப்பட்டியே."

அந்தக் குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றிலேயே இறந்து தோல் உரிந்திருந்தது. யார் கையும் அதைப் பிழைக்க வைத்திருக்காது. அதைச் செல்லத்திடம் சொன்னேன். காதில் வாங்கினாளோ என்னவோ, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராசம்மா வந்தாள். "தப்பா நெனச்சுக்காத கிருஷ்ணம்மா. சனம் என்னென்னமோ சொல்லுச்சு."

"நீயும் சனம்தானே" என்றாள் கிருஷ்ணம்மா.

இருந்தாலும் போனாள். தனலெட்சுமிக்குத் தலைச்சன் ஆண் பிள்ளை, குறையொன்றும் இல்லை. அதன் பிறகு எல்லா வீட்டிலிருந்தும் மறுபடி ஆள் வந்தது. மறு வருஷம் செல்லம் மகளுக்கு வலி கண்டபோதும் போய்ப் பார்த்தாள், பெண் குழந்தை.

முன்பெல்லாம் பேறு முடிந்ததும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டு, கதை பேசி, சாப்பிட்டுத்தான் கிளம்புவாள். அது நின்றுபோனது. கொடி அறுப்பாள், தாயைத் துடைத்துப் படுக்க வைப்பாள், கை கழுவுவாள், புறப்படுவாள். யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. தனலெட்சுமிக்குப் பிறந்த அன்று நானும் கூட இருந்தேன். ராசம்மா தம்ளரை நீட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

"தொண்ட காஞ்சு கெடக்குது பாரு. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

"வீட்டுல போட்டு வச்சிருக்கேன்."

அவளை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.