லேப்டாப்பை மூடிய நேரம்

அனந்தகிருஷ்ணன் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை வடிகட்டுவார். ஒரு பருக்கை தப்பிப் போனாலும் அப்பாவின் மூக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும். பிறகு கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, குழாய் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருநூறு மில்லியை மெதுவாக விடுவார். முடிந்ததும் வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மாடம்பாக்கத்தில் சொந்த வீடு. மனைவி இறந்து மூன்று வருடம். அப்பா கஸ்தூரிரங்கன் பக்கவாதத்தில் படுத்துப் பதினான்கு மாதம். பகலில் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக இரும்புலியூரிலிருந்து நான் வருவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அனந்தகிருஷ்ணன்தான். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு ஆபீஸ் வேலை பார்த்தார்.

வேலை என்னவென்றால், லாரியின் பிரேக்கைத் தாங்கும் இரும்புத் துண்டு எவ்வளவு பாரத்தில் விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்ப்பது. இருபது வருடமாக அதை மவுஸில் செய்தவர். இந்த வருடம் கம்பெனி அந்தப் பழைய புரோகிராமை நிறுத்திவிட்டது. இனி கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான், கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரான சர்வரில் அந்தச் சோதனையை ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சென்னையில் இடம்; மற்றவர்களுக்கு ஹோசூர் சோதனைக்கூடம். வியாழன் காலை பத்து மணிக்கு அவர் தானே ஓட்டிய ஒரு முடிவைக் காட்ட வேண்டும். ஹோசூர் என்றால் பெரியவர் காப்பகத்துக்குப் போக வேண்டும். வண்டலூர் பக்கம் ஓர் இடத்தில் பெயரும் கொடுத்து வைத்திருந்தார்.

புதன் காலை ஜீவிதா போனில் இருந்தாள். அவருடைய குழுவில் வேலை செய்கிற பெண். போன் ஸ்பீக்கரில் இருந்தது, ஏனென்றால் அவர் கையில் கஞ்சிப் பாத்திரம்.

“சார், அது கடிக்காது. தைரியமா தட்டுங்க.”

“காலேஜ்ல இதே கருப்புத் திரையிலதான் ஆரம்பிச்சேன் ஜீவிதா. மவுஸ் வந்தப்போ விட்டுது தொல்லைன்னு இருந்தது. இப்போ திரும்ப அங்கேயே கூட்டிண்டு போறீங்க.”

“நீங்க மவுஸ்ல பண்ணினதை நாளைக்கு யாராவது பார்த்து அப்படியே பண்ண முடியுமா? எங்கே கிளிக் பண்ணீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்காது. இது எழுத்தா நிக்கும் சார்.”

“படத்தைப் பார்க்காம எப்படி நம்பறது? கண்ணைக் கட்டிண்டு வண்டி ஓட்டற மாதிரி இருக்கு.”

“சரி, கண்ணைக் கட்டிக்கிட்டே ஓட்டுங்க. ஆனா நான் அனுப்பின பேப்பர்ல முதல்ல ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதை விட்டுடாதீங்க. அது இருந்தாத்தான் உங்க லேப்டாப் தூங்கினாலும் அங்கே சர்வர்ல ரன் நிக்காது.”

அவர் ‘உம்’ என்றார். அந்தப் பேப்பர் மருந்து டப்பாவுக்கு அடியில் இருந்தது. முக்கியமான வரியைத் தட்டினால் போதும், மற்றதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார். பத்து மணிக்கு ஓட்டிவிட்டார். இருபது மணி நேர ஓட்டம். விடியற்காலை ஆறுக்கு முடிந்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு நான் கூப்பிட்டேன். “சார், புரட்டணும்.”

அவர் லேப்டாப்பை மூடினார். எப்போதும் மூடுவார், துடைக்கிற தண்ணீர் தெறிக்கும் என்று. பெரியவரை இடப்பக்கம் திருப்பினோம், முதுகைத் துடைத்தோம், பவுடர் போட்டோம். கால் மணி நேரம். திரும்பப் போய்த் திறந்தபோது கருப்புத் திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. அதில் எப்போதும் ஏதாவது ஒரு வரி வந்துகொண்டுதான் இருக்கும். அவர் அதைப் படிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஜீவிதாவே கூப்பிட்டாள்.

“சார், சர்வர்ல உங்க ரன்னே இல்லையே. லேப்டாப்பை மூடினீங்களா?”

“மூடினேன்.”

“அந்த முதல் வார்த்தை?”

“போடலை.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “இப்போ ஓட்டினா நாளைக்கு மதியம் ஒரு மணி ஆகும். மூணு வாரம் முன்னாடி இதே பார்ட்டை நான் ஓட்டினேன் சார். அந்த ரிசல்ட்டை எடுத்துக் காட்டுங்க. யாரு கேக்கப் போறா?”

“அது நீ ஓட்டினது.”

“அப்புறம் ஹோசூர்ல உக்காந்துக்கிட்டு இதையே சொல்லிட்டிருங்க.”

அவர் மருந்து டப்பாவைத் தூக்கிப் பேப்பரை எடுத்தார். முதல் வார்த்தையோடு முழு வரியையும் தட்டினார். கோபமோ அழுகையோ எதுவும் இல்லை. ஆறு மணிப் புரட்டலுக்கு வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் நிகில் திரையில் வந்தார். இவரைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“ரிசல்ட் எங்கே சார்?”

“ஓடிட்டிருக்கு. ஒரு மணிக்கு முடியும். நேத்திக்கு லேப்டாப்பை மூடிட்டேன், நின்னு போச்சு.”

“இன்னைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் அனுப்பணும் சார். எல்லாருக்கும் அதே நேரம்தான்.”

“தெரியும்.”

“ஒண்ணாம் தேதி ஹோசூர்ல ரிப்போர்ட் பண்ணுங்க.”

“சரி.”

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் எழுந்து லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கி ஜன்னலோரம் நாற்காலியில் வைத்தார். முதல் வார்த்தை போட்டிருந்ததால் இப்போது மூடினாலும் ஒன்றும் ஆகாது. மூடவில்லை. என்னிடம் ஒரு தாள் கேட்டார். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை பெரியவருக்குச் செய்ய வேண்டியதை ஒவ்வொரு வரியாக, எண் போட்டு எழுதினார். எவ்வளவு கஞ்சி, எத்தனை முறை வடிகட்ட வேண்டும், எந்த மணிக்கு எந்தப் பக்கம்.

“இதைப் பார்த்து யார் வேணும்னாலும் பண்ண முடியுமா, சிஸ்டர்?”

படித்துப் பார்த்தேன். “கஞ்சிக்கு முன்னாடி தலைமாட்டை உசத்தணும். அது விட்டுப்போச்சு சார்.”

நாலாவது வரிக்கு மேலே அதைச் சேர்த்தார். கீழே எல்லா எண்களையும் அடித்துத் திருத்தினார். பிறகு காப்பகத்துக்குப் போன் செய்து, மாத முதல் தேதிக்கு ஒரு கட்டில் சொல்லி வைத்தார்.