ஞானசெல்வியும் திராட்சைத் தூரும்

தேனி கடைவீதியில் வைகுண்டராஜின் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பது அவர் மனைவி ஞானசெல்விதான். வைகுண்டராஜ் அளவெடுப்பார், ஜன்னலில் பொருத்துவார். ஒரே இழுப்பில் கோடு போடுவது அவருக்குக் கைவரவில்லை. அவளுக்கு வந்தது.

1997-இல் கடையில் மிஞ்சிய ஐந்து துண்டுகளை ஒட்டி அவள் முதல் மீன் தொட்டியைச் செய்தாள். அப்போது மீன் தொட்டி என்றால் சாயம் போட்ட கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து குமிழி விடும் முதலை பொம்மை, பின்னால் ஒட்டிய கடல் படம். அவளுக்கு அது பொருட்காட்சி மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வீரபாண்டிப் பக்கம் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். வேலம்பாசி, நீர்ப்பிரம்மி, ஆரைக்கீரை, இரண்டு கொட்டிக்கிழங்கு. ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

"என்ன, மீனுக்குக் கூட்டு வைக்கப் போறியா?" என்றார் வைகுண்டராஜ்.

"ஆமா. உங்களுக்கும் ஒரு கரண்டி உண்டு."

முதல் வருடம் எல்லாம் அழுகியது. வயல் மண்ணை அதிகம் போட்டிருந்தாள். அடியில் புளித்துக் குமிழி கிளம்பியது. மண்ணை இரண்டு விரல்கடையாகக் குறைத்து, மேலே கழுவிய ஆற்று மணலைப் பரப்பினாள். டியூப்லைட்டை நாள் முழுக்க எரியவிட்டதில் தண்ணீர் பச்சையானது. எட்டு மணி நேரத்தோடு அணைத்தாள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினாள். தையல் கத்தரியால் செடிகளை நறுக்கினாள். மூன்றாம் வருடம் கொட்டி தண்ணீருக்கு மேலே பூத்தது.

செடிக்கு அப்புறம்தான் தொட்டிக்குள் கட்டை. வைகையில் வெள்ளம் வடிந்ததும் மணலில் ஒதுங்கிக் கிடக்கும் வேர்களைத் தூக்கி வருவாள். அண்டாவில் வேகவைத்து, சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போடுவாள். மிதக்கும் கட்டையைக் கல்லைக் கட்டி அமிழ்த்தமாட்டாள். தானாக மூழ்க ஒரு மாதமோ மூன்று மாதமோ, காத்திருப்பாள். கட்டையிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீர் டீ நிறமாவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம், "மீனு சுளிக்குதா பாருங்க" என்பாள். 2010 வரை தேனியிலும் போடியிலும் கம்பத்திலுமாக நாற்பது வீடுகளில் அவள் வைத்த தொட்டிகள் இருந்தன. ஒன்று இன்னொன்றைப் போல இல்லை.

அவற்றில் ஒன்று கூடலூர் கோட்டைச்சாமி வீட்டுத் தொட்டி.

2004 ஆனியில் அவர் ஒரு சாக்கு மூட்டையோடு கடைக்கு வந்தார். உள்ளே ஒரு திராட்சைத் தூர். தொடைப் பருமன், மூன்று கிளை, பிழிந்த வேட்டி மாதிரி முறுக்கு.

"இருபத்திரண்டு வருசம் சோறு போட்டது, தாயி. தோட்டத்த அழிச்சு வாழை வச்சாச்சு. இத மட்டும் அடுப்புல வைக்க மனசில்ல. ஐப்பசியில புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம். உள்ள நுழைஞ்சதும் தண்ணிக்குள்ள இது நிக்கணும்."

அப்படியொரு கட்டையை ஞானசெல்வி பார்த்ததில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கவும் மறந்தாள். மூன்று முறை வேகவைத்தாள், மூன்று மாதம் ஊறவைத்தாள். தூர் மூழ்கியது. பால் காய்ச்சுக்குப் பத்து நாள் முன்னால் புது வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டியை வைத்து, தூரை நிறுத்தி, செடி நட்டு, மீன் விட்டுவிட்டு வந்தாள்.

நான்காம் நாள் கோட்டைச்சாமியின் மனைவி பிச்சையம்மாள் போன் செய்தாள். "மீனு நல்லாத்தான் மேல மேல வருது. நத்தைதான் எல்லாஞ் செத்துக் கெடக்கு. நத்தைதானே, விடுங்க."

செடியோடு வரும் பொடி நத்தைகள் சாமானியத்தில் சாகாது. ஞானசெல்வி அடுத்த பஸ்ஸில் கிளம்பினாள்.

மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவள் கையை விட்டுத் தூரின் பட்டை வெடிப்பை நகத்தால் நெம்பினாள். உள்ளே மங்கலாக ஒரு நீலப்பச்சை.

"அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிச்சீக?"

"மருந்தெல்லாம் என்ன? மயில்துத்தமும் சுண்ணாம்புந்தான். வாரம் ஒருவாட்டி, மழைன்னா ரெண்டு."

"அது மருந்தில்லையாண்ணே?"

"அதப்போயி மருந்துன்னு சொல்லுவாகளா? பந்தலுக்கு அது குளிக்கிற தண்ணி மாதிரி."

ஞானசெல்வி தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். கம்பம் ரோட்டில் போகும்போதெல்லாம் நீலம் படிந்த திராட்சை இலைகளைப் பார்த்தவள்தான். துத்தத்தில் இருக்கும் செம்பு நத்தைக்கும் மீனுக்கும் விஷம். தவறு அவளுடையது. இருபத்திரண்டு வருடத் துத்தத்தை எந்த அண்டாவும் வேகவைத்து எடுக்காது.

"இத வெளிய எடுத்துரணும்ண்ணே. என் தப்புத்தான்."

"எடுத்துட்டா அப்புறம் தொட்டி எதுக்கு? அதையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க."

"மீனு செத்தா வேற மீனு விடுவோமே," என்றாள் பிச்சையம்மாள். "தேனியில மீனுக்கா பஞ்சம்?"

"மாத்தி மாத்தி விட்டுக் கொல்றதுக்கு நான் தொட்டி வைக்கல மதினி."

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவள் மீன்களை வாளிக்கு மாற்றினாள். தூரைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தாள். மண்ணிலும் துத்தம் இறங்கியிருக்கும். மண், மணல், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிச்சையம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கூட நின்று அள்ளினாள். அன்றும் மறுநாளும் அதே வேலை. புதுத் தண்ணீர் ஏறியபோது ஞானசெல்வி தரையில் உட்கார்ந்து செடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக நிமிர்ந்தாள். தொட்டிக்கு அப்பால் சாய்த்து வைத்திருந்த தூர் இரண்டு கண்ணாடிகளையும் தண்ணீரையும் தாண்டித் தெரிந்தது. தண்ணீருக்குள் நிற்பது போலவே தெரிந்தது.

எழுந்தாள். தண்ணீரை இறக்கிவிட்டு, ஆள் வைத்துத் தொட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் தள்ள வைத்தாள். பின்னால் ஸ்டூல் போட்டுத் தூரை நிறுத்தினாள். மணலைப் பின்பக்கம் மேடாக்கினாள், தூரின் அடியும் மணலும் ஒன்றாகத் தெரியும்படி. மேட்டில் ஆரைக்கீரை. நடுவில் செடியே வைக்கவில்லை. தூருக்கு மேலே மறைவாக ஒரு பல்பு. ஒரு விரல் இடம் வலமாகத் தூரை நகர்த்தி நகர்த்தி, முன்னால் வந்து வந்து பார்த்தாள். அதற்கே அரை நாள் போனது.

சாயங்காலம் கோட்டைச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மறுபடி உள்ள போட்டாச்சா?"

"பின்னால போயிப் பாருங்கண்ணே."

போனார். தூரைத் தொட்டார். ஈரம் படாத உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். முன்னால் வந்து நின்றார். மறுபடியும் பின்னால் போனார். பிச்சையம்மாளைக் காப்பி போடச் சொன்னார்.

பால் காய்ச்சிய அன்று பந்தியில் உட்கார்ந்திருந்த ஞானசெல்விக்குக் கூடத்துப் பேச்சு கேட்டது. பிச்சையம்மாளின் தம்பி தங்கபாண்டி தொட்டியை விட்டு நகரவில்லை.

"மச்சான், இம்புட்டு நாளாத் தண்ணியில கெடந்தா இது அழுகிராதா?"

"அதெல்லாம் அழுகாது," என்றார் கோட்டைச்சாமி. "நீ அங்கன தள்ளி நின்னு பாருடா. பின்பக்கம் போகாத, ஈரம்."