கேளாமல் பறித்த பூ

ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டு மார்கரெட் ஒருநாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். எங்கள் வளவு லைலாக் செடியின் கிளையொன்று வேலியைத் தாண்டி அவர் பக்கம் தொங்குகிறதாம். அதில் இரண்டு பூ வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருடைய காணிக்குள், அவருடைய தலைக்கு மேலே தொங்குகிற பூ. இதற்குப்போய் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தெருவால் சுற்றிப் படியேறி வந்து கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது நான் கனடாவுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல். சிரிப்பு மட்டும் இன்னும் வெள்ளவத்தையில்தான் இருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் வளர்ந்தேன். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பா தினமும் காலையில் குளித்துவிட்டு, ஒரு கையில் பிளாஸ்டிக் கூடையும் மறு கையில் குடையுமாகப் புறப்படுவார். குடை மழைக்கு அல்ல. மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை அதன் வளைந்த பிடியால் இழுத்துப் பூப் பறிப்பதற்கு. ஒரு வீட்டில் செவ்வரத்தை, அடுத்ததில் நந்தியாவட்டை, ஒழுங்கை முடியுமிடத்தில் சோமா அக்கா வீட்டு அரலியா, அதுதான் ஈழத்தலரி. யாரிடமும் அவர் கேட்டதில்லை. சோமா அக்கா சிங்களவர். அதே மரத்துப் பூவைத்தான் அவரும் புத்தருக்கு வைப்பார். அப்பாவுக்கு எட்டாத கிளையைச் சில நாள் அவரே மதிலுக்கு இந்தப் பக்கமாகத் தள்ளிவிடுவதைக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தோழிகள், “உங்கட அப்பா பூக்கள்ளன்” என்று பகிடி பண்ணும்போது எனக்கு மானம் போகும். அப்பாவிடம் சொன்னால், “சாமிக்குத்தானே” என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

கனடா வீட்டின் பின்வளவில் பெரிய மேப்பிள் மரமொன்று நின்றது. அதன் நிழலில் நான் நட்ட எதுவும் தப்பவில்லை. ரோஜா நட்டேன், செவ்வந்தி நட்டேன், தக்காளிகூட நட்டுப் பார்த்தேன். எல்லாம் வெளிறி, நீண்டு, செத்துப்போயின. நிழலோடு ஏன் சண்டை பிடிக்கிறாய், நிழலுக்கென்றே பிறந்த செடி இந்த மண்ணில் இருக்கிறதே என்றார் மார்கரெட். டிரில்லியம் என்று பெயர். லில்லிப் பூக்களுக்கு உறவுக்காரி. காட்டு மரங்கள் துளிர்த்து வெயிலை மறைப்பதற்கு முன், வசந்தத்தில் அவசரமாகப் பூத்துவிட்டு அடங்கிவிடும். அவர் தோட்டத்திலிருந்து எடுத்துத் தந்த விதைகளை ஊன்றி, உதிர்ந்த மேப்பிள் இலைகளாலேயே மூடிவிட்டேன். இரண்டு குளிர்காலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒற்றை இலை. அடுத்தடுத்த வருடங்களில் மூன்று இலை, அதுவும் ஒரேயொரு கன்றில். பூ வர எட்டு வருடம் பிடித்தது. சென்ற வருடம் அந்த மூன்று இலைகளுக்கு நடுவே ஒரு மொட்டைக் கண்டபோது, நான் ஈர மண்ணில் முழங்காலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் அப்பா எங்களோடு இருந்தார். அம்மா போன பிறகு ஆறு மாத விசாவில் வந்திருந்தார். குளிர் அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பூ இல்லாததுதான் குறை. கடையில் நாங்கள் வாங்கி வந்த பூவைத் தொட்டுப் பார்த்து, “ஃப்ரிட்ஜுக்குள்ள கிடந்த பூ” என்பார். பனி கரைந்ததும் தினமும் பின்வளவில் போய் நிற்பார். மொட்டைப் பற்றி மார்கரெட்டுக்கு அன்றைக்கே சொன்ன எனக்கு, அப்பாவுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

ஒருநாள் மாலை வேலையால் வந்தபோது சாமித்தட்டில், சிவன் படத்துக்கு முன்னால் என் டிரில்லியம் கிடந்தது. தண்டு, மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். அப்பாவின் முகத்தில் அம்மா போன பிறகு நான் காணாத சந்தோஷம்.

“பிள்ளை, இதைப் பார். மூண்டு இலை, மூண்டு இதழ். வில்வம் மாதிரியே. சிவனுக்கெண்டே உன்ர வளவில பூத்திருக்கு.”

அந்தச் செடிக்கு இருப்பதே அந்த மூன்று இலைதான். அவற்றோடு பறித்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பட்டினி கிடக்கும். செத்தும் போகலாம். இதை நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“இது உங்கட வீடில்லை அப்பா. கண்டபடி கை வைக்க ஏலாது.”

அடுத்த நாள் காலையில் அப்பா, “பிள்ளை, தேத்தண்ணி போடப் பால் எடுக்கலாமோ?” என்று கேட்டார். பிறகு ஜன்னலைத் திறக்கலாமோ, ரேடியோ போடலாமோ. குத்திக்காட்டக் கேட்டிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் மூன்று தரம் வைத்தேன். அதையும், “இன்னும் கொஞ்சம் போடலாமோ?” என்று கேட்டுத்தான் சாப்பிட்டார். விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வசந்தத்தில், செடி முளைக்குமோ முளைக்காதோ என்று தெரியுமுன்னரே நான் கொழும்புக்குப் போனேன். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் மாடிகளாகிவிட்டன. சோமா அக்கா வீடும் அரலியாவும் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் அவர் என்னை வழியில் மறித்தார். என் சிங்களம் துருப்பிடித்துப் போயிருந்தது. அவர் தனக்குத் தெரிந்த தமிழை எடுத்தார்.

“அங்கிள் எங்களோட தரஹத?” என்றார். கோபமா என்று கேட்கிறார்.

“இல்லையே. ஏன் அக்கா?”

“முந்தி சும்மா பூ எடுத்தது. இப்ப ஒவ்வொரு நாளும் பெல் அடிக்குது. எடுக்கவா எண்டு கேக்குது. நாங்க என்ன பிழை செஞ்சது?”

அவர் கண் கலங்கியிருந்தது. முப்பது நாற்பது வருடமாகக் கேளாமல் எடுத்த மனிதன் திடீரென்று கேட்டால், அந்த ஒழுங்கையில் அதற்கு உறவு முறிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பிழை செய்தது நான்தான் என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

மறுநாள் காலையில் அப்பாவோடு நானும் போனேன். சோமா அக்கா வீட்டு வாசலில் அவர் விரல் மணிக்குப் போனது. நான் அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டேன். கொக்கியைக் கிளையில் மாட்டி இழுத்தேன். கிளை வந்தது, கைதான் போகவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு பூவைப் பறித்தேன். பறித்ததும் என்னை அறியாமல், மூடியிருந்த கதவைப் பார்த்து, “தேங்க் யூ” என்றேன்.

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தைரியம் தந்தது.

“நான் அண்டைக்குச் சொன்னது பிழை அப்பா.”

அவர் கூடையை நீட்டினார். பூவைப் போட்டேன்.

“செடி வந்ததோ?” என்று கேட்டார்.

முந்திய நாள் என் கணவர் அனுப்பிய படத்தை ஃபோனில் காட்டினேன். சருகுகளுக்கு நடுவே மூன்று சின்ன இலை. மொட்டு இல்லை. அப்பா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“உயிர் இருக்கு.”

“ஓம். ரெண்டு மூண்டு வருசத்தில திரும்பப் பூக்குமெண்டு மார்கரெட் சொன்னவ. அதுக்கு நீங்கள் வரவேணும் அப்பா.”

“வாறன். பூ கொட்டினாப் பிறகு டிக்கெட் போடு. கண்ணால கண்டா என்ர கை கேக்காது.”

குடையை என்னிடமிருந்து வாங்கி அடுத்த கிளையில் மாட்டினார். மணியை அடிக்கவில்லை. நான்தான் இன்னொரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.